பனையேறிகளின் ஜெபவேளை

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், திருச்செந்தூர், சாத்தான்குளம், இடையன்குடி ஆகிய ஊர்களைச் சூழ்ந்து செந்நிறத் தேரிமணல் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. காற்றுக் காலத்தில் நேற்றிருந்த மணல்மேடு இன்று சற்றே பெயர்ந்து நிற்கக் காணலாம். பெய்த மழை அடுத்த நாழிகைக்குள் மணலில் மறைந்துவிடும். அங்கே நெல் பயிரிட நினைப்பவன் ஊராரின் நகைப்புக்கே இடமாவான். அந்நிலத்தில் ஒருவரும் நீரூற்றாமல் தானே முளைத்து, பத்துப் பதினைந்து ஆண்டு பொறுத்திருப்பவனுக்கு மட்டும் பலன் தரத் தொடங்கி, பின்பு தலைமுறை தலைமுறையாக நின்று உதவும் மரம் பனை. அதன் பயன்கள் 801 என்று எண்ணிப் பாடிய 'தாலவிலாசம்' என்னும் நூலொன்று தமிழில் உண்டு. புலவர் எண்ணூற்றொன்று எண்ணினாலும், பனையையே ஜீவனமாகக் கொண்டவனுக்கு அவற்றுள் தலையாயது பாளையில் ஊறும் பதநீர்.

அப்பதநீரைத் தரும் மரத்துக்கு ஒரு கண்டிப்பான நியமம் உண்டு. பாளையைக் கடிப்பு என்னும் மரக்கருவியால் நசுக்கிப் பதப்படுத்தி, அதன் நுனியை மெல்லிதாகச் சீவி, கலயம் கட்டித் தொங்கவிட்டபின், நாள்தோறும் தவறாமல் அந்நுனியை மறுபடியும் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் சீவாதுவிட்டால் பாளையின் வாய் உலர்ந்து ஊறல் குறையும். சில நாள் விட்டுவிட்டால் அப்பாளை அவ்வாண்டுக்கு அற்றே போகும். மாசியில் தொடங்கி ஆடி வரை நடக்கும் பதநீர்க் காலத்தில் மரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது; பண்டிகை தெரியாது; ஏறுகிறவனுக்குக் காய்ச்சல் என்பதும் தெரியாது. இத்தகைய மரத்துக்குத் தம் உடலை ஒப்புவித்துவிட்ட மக்களிடையே, ஏழு நாளில் ஒரு நாள் ஓய்ந்திரு என்று கற்பிக்கும் மதமொன்று வந்து வேரூன்றி, அவர்களுடைய அன்றாட வாழ்விலே ஒரு சந்தோஷத்தையும் நிலைநாட்டிற்று என்பது, சரித்திரம் எழுதினோர் போதிய அளவு சிந்தியாமல் விட்ட செய்தி. மிஷன் சரித்திரங்கள் அத்தியட்சர்களைப் பற்றியும் கோபுரங்களின் உயரத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. எனக்கோ, அச்சரித்திரத்தின் உயிர் இருக்குமிடம், இருட்டிய பிறகு ஓலைக் கூரையின் கீழே ஒரு சிறு விளக்கைச் சுற்றிப் பனையேறிகள் கூடிய மாலை ஜெபமே என்று தோன்றுகிறது.

அவ்வேளையில் பனையேறி எந்த நிலையில் வந்து அமர்ந்தான் என்பதை அறிந்துகொள்ள, அவனுடைய பகற்பொழுதை அறிந்திருக்க வேண்டும். விடிவதற்கு வெகுநேரம் முன்பே, இடுப்பில் அருவாப்பெட்டியைக் கட்டி, காலில் திளாப்பு என்னும் நார்வளையத்தை மாட்டி, முருக்குத்தடியைத் தோளில் சார்த்திக்கொண்டு அவன் காட்டுக்குப் புறப்படுவான். முதல் மரத்தில் முருக்குத்தடியைச் சார்த்தி, அதன்மேல் மிதித்து, மரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறுவான். உச்சியில் மட்டைகளுக்கிடையே நின்று கலயத்திலுள்ள பதநீரைக் குடுவையில் ஊற்றிக்கொண்டு, பாளையைச் சீவி, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டிவிட்டு இறங்குவான். உடனே அடுத்த மரம். வலுவுள்ள ஆள் ஒருவன் முப்பது நாற்பது மரம் பார்ப்பது சாதாரணம். காலையில் ஏறிய மரத்தில் மாலையிலும் ஏற வேண்டும். மரமொன்றுக்கு 40 அடி என்று குறைத்தே வைத்துக் கணக்கிட்டாலும், நாற்பது மரத்துக்கு இருவேளையும் சேர்ந்து 3,200 அடி ஏற்றமும், அவ்வளவே இறக்கமும் ஆகின்றன. பொதிகைச் சாரலில் ஒரு மலையுச்சிக்கு ஏறி இறங்குவதற்குச் சமமான இவ்வுழைப்பை அவன் ஆறு மாதம் இடைவிடாது செய்தான். மார்பிலும் கையிலும் பாதத்திலும் தோல் காய்ப்பேறித் தழும்பாகிவிடும். பிடி வழுவினால், கூலி கொடுத்தவனோ மரத்துக்கு உடையவனோ பொறுப்பேற்பதில்லை. பெரும்பாலோருக்கு மரமும் சொந்தமில்லை. பிறருடைய மரத்தில் வாரத்துக்கு ஏறி, முன்கூட்டியே வாங்கித் தின்ற கடனுக்குக் கருப்பட்டியாக அளந்து கொடுத்துக் கழித்தவர்களே பலர்.

வீட்டுப் பெண்களின் பிரயாசை இதற்கு இளைத்ததன்று. ஆண்கள் இறக்கிய பதநீரைச் சுமந்து, விடிலி என்னும் காய்ச்சுக் குடிசைக்குக் கொண்டுவந்து, புளிக்குமுன் அடுப்பேற்றியாக வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில், ஓலைக் குடிசைக்குள், பெருநெருப்பின் முன்னே மணிக்கணக்காக நின்று, பொங்கி வழியாதபடி ஆமணக்கு முத்தைத் தட்டிப்போட்டுத் துழாவிக் காய்ச்சி, பதம் பார்த்துச் சிரட்டைகளில் வார்த்தெடுக்க வேண்டும். பதம் ஒரு கணம் தப்பினால் அன்றைய உழைப்பு முழுதும் பாகாகவே நின்றுவிடும். இடையில் விறகு தேடல், கிணற்றில் நீரிறைத்தல், பிள்ளைக்குப் பாலூட்டல் எல்லாம் உண்டு.

இக்காட்டுக்குள் கிறிஸ்து மதம் முதலில் வந்தது வெள்ளைக்காரர் வாயிலாக என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அதைக் கொண்டுவந்தவர் அக்காட்டில் பிறந்த ஒருவரே. பாளையங்கோட்டையில் 1780-ஆம் ஆண்டளவில் ஒரு சிறு சபை தோன்றியிருந்தது. தஞ்சையிலிருந்த மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்னும் பிராமண விதவை அதற்குத் தாய் போன்றிருந்தார். அவர் முயற்சியால் 1785-இல் எழுந்த சிறிய கோயிலைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே ஊரார் வழங்கினர். 1790-இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் அச்சபையைப் பராமரித்து வந்தார். சாத்தான்குளத்துக்கு அருகிலுள்ள காலன்குடியில் பிறந்து, ஊரைவிட்டுச் சென்று, தஞ்சையில் கிறிஸ்தவராகித் தாவீது என்று பெயர் பெற்ற சுந்தரம் என்பவர், உபதேசியாராகத் தம் சுற்றத்தாரிடம் திரும்பி வந்து போதித்தபோதுதான் பனங்காடு செவிகொடுத்தது. கூடவே எதிர்ப்பும் எழுந்தது. ஜெபம் நடந்த ஓலைக் கொட்டகைகள் தீக்கிரையாயின. மதம் மாறியோர் ஊரில் இருக்கப்பெறவில்லை. ஆகவே 1799-இல் ஒரு துண்டு நிலத்தை விலைக்கு வாங்கி, அதில் முப்பது பேருக்கும் குறைவானோர் குடியேறி, அதற்கு முதலூர் என்று பெயரிட்டனர். இன்று மஸ்கோத் அல்வாவுக்குப் பெயர்போன அவ்வூரின் தொடக்கம் இத்தகைய அகதிகளின் குடியிருப்பு. தாவீது இளவயதிலேயே மறைந்தார். நஞ்சூட்டப்பட்டார் என்பது அவ்வட்டாரத்து மரபுச் செய்தி.

1802-இல் மிஷனெரி கெரிக்கே ஐயர் அவ்வழியே வந்தபோது, சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றனர். அந்த எண்ணிக்கையை வியந்து எழுதுவோர், அதற்கு அடுத்த பதினான்கு ஆண்டுகளை ஓரிரு வரியில் தாண்டிவிடுகின்றனர். எனக்கு அப்பதினான்கு ஆண்டே முக்கியமாகப் படுகிறது. ஐரோப்பாவில் நெப்போலியன் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் மிஷன் பணமும் ஆளும் அற்றுத் தளர்ந்திருந்தது. 1811-ஐ ஒட்டிப் பரவிய கொள்ளைக் காய்ச்சல் ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போயிற்று. குருவானவர் ஒருவரைக் காண்பதே அரிதாயிருந்த அக்காலத்தில் பலர் பழைய வழிக்குத் திரும்பினர், அதில் வியப்பில்லை. வியப்பு எஞ்சி நின்றவர்களைப் பற்றியது. 1816-இல் பாளையங்கோட்டைப் படைக்குக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப் என்பவர் விசாரித்துப் பார்த்தபோது, பல கிராமங்களில் சிதறிக் கிடந்த ஏறக்குறைய மூவாயிரம் கிறிஸ்தவர்களை அவர் கண்டார். அத்தனை பேருக்கும் நாட்டுக் குரு ஒருவரே இருந்தார். ஆகவே அவர்களுக்கு நற்கருணை கிட்டிய நாட்கள் மிகச் சிலவாகவே இருந்திருக்க வேண்டும். பிரசங்கம் கேட்டதும் அவ்வாறே. நாள்தோறும் தாமே கூடிச் சொல்லக்கூடிய மனப்பாடமான ஜெபம் ஒன்றுதான் அவர்கள் கையில் இருந்தது. அவர்களை மூவாயிரம் பேராக நிறுத்திவைத்தது அதுவே என்பது என் துணிபு.

இவ்வழக்கத்துக்கு அதே கடற்கரையில் பழையதொரு முன்மாதிரி உண்டு என்பதையும் இடையிலே சொல்லிவிடுகிறேன். தேரியைக் கடந்து இரண்டொரு நாழிகை நடந்தால் மணப்பாடு, உவரி முதலிய பரதவர் ஊர்கள் வருகின்றன. அங்கே 1542-இல் வந்த சவேரியார், ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து எழுதுவித்து, கையில் மணியொன்றை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவரைக் கூட்டி, அவற்றை மனப்பாடம் செய்வித்தார்; அச்சிறுவர் தம் பெற்றோருக்கு வீட்டில் கற்பித்தனர். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துத் தம் கை ஓய்ந்து போயிற்று என்று 1544 ஜனவரியில் அவர் ரோமாபுரிக்கு எழுதிய கடிதம் பிரசித்தமானது. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டாண்டாருக்கும் அக்காலத்தில் ஒருவரையொருவர் கண்ணெடுத்துப் பார்க்கும் பழக்கமில்லை. எனினும் எழுத்தறியா உழைப்பாளிக்கு விசுவாசத்தை நாவிலே பதித்துவிடுவது என்ற உபாயத்தை, இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் இரு சாராரும் தனித்தனியே கண்டுகொண்டனர்.

1820-இல் மிஷனெரி ரேனியுஸ் ஐயர் திருநெல்வேலிக்கு வந்தபின், இவ்வழக்கம் ஓர் ஒழுங்குக்குள் வந்தது. புதிதாகக் கிறிஸ்தவரானோர் தம் நிலக்கிழார்களால் துரத்தப்படும்போது நிற்க இடம் வேண்டுமென்று கருதி, 1830-ஆம் ஆண்டளவில் தர்ம சங்கம் என்ற ஸ்தாபனத்தைத் தமிழரைக் கொண்டே ஏற்படுத்தி, நிலம் வாங்கிக் குடியிருப்புகளை அமைப்பித்தார். நாசரேத்து, மெஞ்ஞானபுரம், ஆனந்தபுரம், கடாட்சபுரம், சமாரியா, பிரகாசபுரம் என வேதாகமப் பெயரும் வடமொழிப் பெயரும் கலந்து வழங்கும் ஊர்கள் இச்சீமையில் நெருங்கிக் கிடப்பதற்கு, முன்பின்னாகப் பல மிஷன்கள் செய்த இத்தகைய குடியேற்றமே காரணம். பிரஷ்யா நாட்டுப் பிரபு டோனா என்பவர் கொடுத்த பொருளுதவியால் வாங்கப்பட்ட நிலத்தில் எழுந்தமையால் ஓர் ஊருக்கு டோனாவூர் என்றே பெயராயிற்று.

இவ்வூர்கள் ஒவ்வொன்றிலும் ஓர் உபதேசியார் இருந்தார். மிஷனெரி மாதத்துக்கொரு முறை குதிரையிலோ மாட்டு வண்டியிலோ வந்து போவார். உபதேசியாரோ ஊரோடு ஊராக வாழ்ந்தவர். பகலில் சிறுவருக்குத் திண்ணையிலே மணலில் எழுத்தெழுதிக் காட்டும் வாத்தியாரும், வழக்குத் தீர்ப்பவரும், நோயாளிக்கு அருகில் இருப்பவரும் அவரே. ஆண்கள் கடைசி மரத்தினின்று இறங்கி, கிணற்றடியில் மேலைக் கழுவிக்கொண்டு வரும் நேரத்தைக் கணித்தே அவர் மாலை மணியை அடிக்கச் செய்ய வேண்டியிருந்தது. முந்தி அடித்தால் காட்டில் இருப்பவன் வரமாட்டான். பிந்தி அடித்தால் வந்தவன் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவான். இங்கிலாந்தில் ஆராதனை நேரத்தைக் கோபுரக் கடிகாரம் நிர்ணயித்தது. இங்கே அதைப் பனைமரம் நிர்ணயித்தது என்றால் மிகையாகாது.

மாலை ஜெபம் என்பது அதிக நேரம் கொள்வதன்று. ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு சிறு பகுதியை உபதேசியார் வாசித்து இரண்டு வார்த்தை விளக்கம் சொல்லுதல், பத்துக் கற்பனைகள் அல்லது விசுவாசப் பிரமாணத்தை அவர் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொடுக்க எல்லாரும் திருப்பிச் சொல்லுதல், கர்த்தர் கற்பித்த ஜெபம், ஆசீர்வாதம். நாளெல்லாம் மரத்தைக் கட்டியணைத்த கைகள் அங்கே குவிந்தன. பாதியில் கண்ணயர்ந்தவர் பலர் இருந்திருப்பர். அதற்காக அவரைக் குறைகூறுகிறவர் ஒருநாள் பனையேறிப் பார்க்கலாம். ஆனால் அயர்ந்து தூங்கினாலும் வந்து தூங்கினான் என்பதை நாம் மறக்கலாகாது. படுக்கைக்கும் தனக்கும் இடையே அரைமணி நேரத்தை அவன் தனக்கென்று வாங்கிக்கொண்டான். அந்த அரைமணி நேரத்தில் அவன் எவருடைய மரத்துக்கும் ஆளல்லன், எவருடைய கணக்குப் புத்தகத்திலும் கடன்காரனல்லன். தோத்திரம் என்று வாய்நிறையச் சொல்லி ஒருவரையொருவர் வணங்கிப் பிரிந்தனர்.

ஞாயிற்றுக்கிழமையின் சங்கடம் இவ்வளவு எளிதில் தீரவில்லை. அந்நாளைய ஆங்கிலேயக் கிறிஸ்தவர் ஓய்வுநாளை எத்துணைக் கண்டிப்பாக ஆசரித்தனர் என்பது தெரிந்ததே. பாளை சீவாதிருந்தால் பிள்ளைகள் பட்டினி; சீவினால் மனச்சாட்சியின் உறுத்தல். மரத்தின் நியமமும் வேதத்தின் நியமமும் எதிர்ப்பட்ட இடத்தில், பனையேறி தன் வழியைத் தானே தேடவேண்டியதாயிற்று. இருட்டோடு இருட்டாக ஏறி இறங்கிவிட்டு, குளித்து, வெள்ளைவேட்டி உடுத்து, இரண்டாம் மணி அடிக்குமுன் கோயிலில் வந்து உட்காருவது அவனால் இயன்ற வழி. அவனைக் கண்டித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஓய்வுநாளைக் குறித்த சிந்தனை இன்னொரு திசையிலும் கிளைத்தது. நாசரேத்துப் பக்கத்தைச் சேர்ந்த, சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம், வேதத்தைத் தாமே ஆழ்ந்து கற்று, வெள்ளைக்கார ஐயர்மாரின் அதிகாரம் வேண்டாமென்று விலகி, 1857-இல் பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபை என்ற தனிச் சபையை நிறுவினார். ஓய்வுநாள் ஞாயிறல்ல, பழைய ஏற்பாடு கூறும் சனிக்கிழமையே என்பது அச்சபையின் கொள்கைகளுள் ஒன்று. இப்பிரிவுக்குத் தூண்டுதலாயிருந்த காரணங்களுள் இடையன்குடி மிஷனெரி கால்டுவெல் ஐயர் 1849-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஒரு சிறு நூலும் ஒன்று. அதில் அவர் இப்பனையேறும் சமூகத்தாரை அறிவிலும் ஒழுக்கத்திலும் தாழ்ந்தவராகச் சித்திரித்திருந்தார். அச்சமூகத்தார் அதைப் பல ஆண்டு மறக்கவில்லை; மறக்கவேண்டிய நியாயமுமில்லை. மொழிநூலில் அவர் கண்ட மெய்யை நாம் போற்றுகிறோம். மனிதரை அளந்ததில் அவர் செய்த பிழையையும் அதே வாயால் சொல்லவேண்டியதுதான்.

ஆயினும் அவருடைய வாழ்நாளே அந்நூலுக்கு மறுப்பாக அமைந்தது என்பது விநோதம். 1841-இன் இறுதியில் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல், அரை நூற்றாண்டு அவ்வூரோடு பிணைந்திருந்தார். 1856-இல் உலகம் கண்ட 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்', கருப்பட்டி காய்ச்சும் புகை மணக்கும் சூழலில் எழுந்த நூல். அவர் மனைவி எலைசா அம்மையார், நாகர்கோவிலில் தம் தாயார் மார்த்தா மால்ட் 1821-இல் பெண்களுக்குத் தொடங்கிவைத்த லேஸ் பின்னலை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். விடிலி நெருப்பின் முன் நிற்பது தவிர வேறு தொழில் அறியாத பெண்களுக்கு, நிழலில் உட்கார்ந்து காசு சம்பாதிக்க ஒரு வழி அதனால் பிறந்தது. பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847-இல் அஸ்திபாரமிட்டு, 1880 ஜூலை 6-ஆம் தேதி பிரதிஷ்டை செய்தனர். முப்பத்துமூன்று ஆண்டு! கோதிக் சிற்பத்தைக் கண்ணால் கண்டிராத கொத்தர்களுக்காக, ஜன்னல் வளைவுகளையும் தூண் வேலைகளையும் கால்டுவெல் தாமே களிமண்ணில் செய்து காட்டினார் என்பர். சீமையிலிருந்து பணம் வந்தது உண்மை. ஆனால் அதனால் மட்டும் சுவர் எழுவதில்லை. அஸ்திபாரமிட்ட நாளில் கல் சுமந்த சிறுவன், பிரதிஷ்டை நாளில் பேரனைத் தோளில் சுமந்து வந்திருக்கக்கூடும். இடையில் 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாதுவருஷப் பஞ்சமும் அவ்வூரின் மேல் கடந்து சென்றது. அறிவும் ஊக்கமும் அற்றவர் என்று எழுதப்பட்ட ஜனங்கள், பகலெல்லாம் மரமேறிய பின்னும், ஒரு தலைமுறைக் காலம் ஒரே வேலையைக் கைவிடாது நடத்தினார்கள்.

மெஞ்ஞானபுரத்து ஆலயக் கோபுரத்தைப் பற்றி விரித்தெழுத வேண்டியதில்லை. 192 அடி உயரத்தில் நின்று, எந்தப் பனையின் உச்சியிலிருந்தும் கண்ணுக்குப் படுமாறு அதை அமைத்த ஜான் தாமஸ் ஐயர், தேரிமணலில் கிணறு தோண்டித் தோட்டமும் அமைத்தவர் என்பது மட்டும் போதும்.

சந்தோஷம் என்றேன். அது எதிலே வெளிப்பட்டது என்று கேட்பின், முதலில் பாட்டைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் சபைகளில் பாடப்பட்டவை பெரும்பாலும் ஜெர்மானிய ஞானப்பாட்டுகளின் மொழிபெயர்ப்புகள். பொருளிற் சிறந்தவையாயினும், நீண்டு இழுக்கும் அவற்றின் மெட்டு இந்நாட்டுக் காதுக்கு எளிதில் இசையவில்லை. திருநெல்வேலியிலே பிறந்து, சுவார்ட்ஸிடம் வளர்ந்து, தஞ்சைச் சரபோஜி மன்னர் காலத்தில் புகழ்பெற்று விளங்கிய வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனைகளையும் 'பெத்லகேம் குறவஞ்சி'யையும் இயற்றியபோது அக்குறை தீர்ந்தது. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் 1853-இல் கீர்த்தனைத் தொகுப்பொன்றை அச்சிட்டபின், அவை ஊர்தோறும் பரவின. கீர்த்தனையின் அமைப்பே எழுத்தறியாதவனுக்கு உற்றதாயிருந்தது. சரணத்தை உபதேசியார் பாடுவார். பல்லவிக்கு ஊர் முழுதும் திரும்பி வந்து சேரும். களைத்தவன் சரணத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு பல்லவியில் குரல் கொடுக்கலாம். தாளம் தட்டக் கையும், கைத்தாளம் இல்லாதபோது தொடையும் உதவின.

அடுத்தது கொடுத்தல். இல்லாதவனுக்குக் கொடுப்பதில் என்ன ஆனந்தம் என்று சிலர் நினைக்கக்கூடும். உலையில் இடுமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து, அதைக் கோயிலுக்குக் கொடுக்கும் வழக்கம் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களிடையே வேரூன்றியிருந்தது. காணிக்கையாக வரும் முதற்பலன்களை, அதாவது ஒரு முட்டையை, பூசணிக்காயை, கோழிக்குஞ்சை, ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம் போடுவார்கள். காலணா பெறுமதியுள்ள பண்டம் போட்டியின்மேல் போட்டியாக ஏறி ஒரு ரூபாய்க்குப் போகும்போது எழும் சிரிப்பை, எந்த மிஷன் அறிக்கையிலும் அச்சிட முடியாது. ஏலத்தில் எடுத்தவன் சில சமயம் அதை மறுபடியும் கோயிலுக்கே கொடுத்துவிடுவான். அது மறுபடியும் ஏலத்துக்கு வரும்.

பனங்காட்டில் பிழைக்க வழியின்றி இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேறினவர்களும் இந்த ஜெபவேளையை மூட்டையோடு எடுத்துச் சென்றனர். 1854-இல் அங்கே தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டபோது, தோட்டங்களில் ஊழியம் செய்ய உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்தே அனுப்பப்பட்டனர். பெற்றுக்கொண்ட சபை கொடுக்கும் சபையாக மாறியதற்கு மற்றொரு சாட்சி 1903-இல் பாளையங்கோட்டையில் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கம். இந்தியர் பணத்தைக் கொண்டு, இந்திய ஊழியரைக் கொண்டு நடக்கவேண்டும் என்ற பிரமாணத்தோடு தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது அது. அதை நிறுவியவர்களுள் முதன்மையானவரும், 1912-இல் ஆங்கிலத் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானவருமான வேதநாயகம் சாமுவேல் அசரியா, மெஞ்ஞானபுரத்துக்கு அருகிலுள்ள வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். அதுவும் பனை சூழ்ந்த ஊரே.

பனையேறுவோர் தொகை இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. உபதேசியார் மணலில் எழுதிக் காட்டிய எழுத்து அதற்கு ஒரு காரணம். பேரப்பிள்ளைகள் ஆசிரியராகவும் வைத்தியராகவும் வியாபாரியாகவும் தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் சென்னைக்கும் அதற்கப்பாலும் போய்விட்டனர். மரங்கள் செங்கற்சூளைக்கு விறகாயின. மரமேறுவோர் இல்லாத ஊரில் மாலை மணிக்குக் கடிகாரம் பார்த்தாற் போதும். இதை முற்றிலும் நஷ்டமென்று புலம்ப எனக்கு மனமில்லை. தகப்பன் மார்பின் தழும்பு மகன் மார்பில் இல்லாமற்போனது நல்லதே.

ஆனால் ஆண்டுதோறும் கோயில் பண்டிகையில் அசனம் என்னும் பொதுப்பந்தி மட்டும் குறைவின்றி நடந்து வருகிறது. வெளியூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து சேர்கின்றனர். வரியும் நன்கொடையுமாகச் சேர்ந்த பணத்தில் அரிசி மூட்டைகளும் ஆடுகளும் வாங்கி, முதல்நாள் இரவே கோயில் முற்றத்தில் கோட்டையடுப்பு வெட்டி, பெரிய பெரிய வட்டகைகளில் குழம்பு வைக்கிறார்கள். வெங்காயம் உரிக்க ஊர்ப் பெண்கள் விடியுமுன் கூடுகின்றனர். பந்தி பரிமாறுவோர் பகலில் கல்லூரியில் பாடம் சொல்பவராகவும் இருக்கலாம், கருப்பட்டிக் கடை வைத்திருப்பவராகவும் இருக்கலாம். குருவானவர் ஜெபம் செய்து அன்னத்தை ஆசீர்வதித்த பிறகு, வேற்று மதத்தாரான அண்டை அயலாரும் வந்து உட்காருகிறார்கள். வர இயலாத முதியோருக்கும், அடுத்த தெருவில் பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவளுக்கும், வாளிகளில் சோறும் தூக்குச்சட்டிகளில் குழம்புமாகச் சிறுவர் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். வழியில் சிந்துகிறது என்று பின்னாலிருந்து கோயிற்பிள்ளை சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்.